எதைக் கொடுத்தால் இறங்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். திங்கட்கிழமை காலைகளில் புறநோயாளிகள் வரிசையில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் குடித்துவிட்டு, தலையைப் பிடித்தபடி ஓர் ஆள் பெஞ்சில் சாய்ந்திருப்பார். பக்கத்தில் மனைவியோ அம்மாவோ தூக்குச்சட்டியோடு நிற்பார். சட்டியில் மோர் இருக்கும், இல்லையென்றால் நீராகாரம். "எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன், மோர் கொடுத்தேன், தலையில் தண்ணீர் ஊற்றினேன். இறங்கவே இல்லை ஐயா. எதைக் கொடுத்தால் இறங்கும்?" என்று கேட்பார்.

குடித்தவருக்குப் புத்தி சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேசுவதில்லை. இன்று நான் பேச வந்திருப்பது அவரிடம்தான்.

முதலில் ஒரு கணக்கு. குவார்ட்டர் என்று சொல்கிறார்களே, அந்த 180 மில்லி பாட்டிலின் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதிலுள்ள ஆல்கஹாலை மட்டும் எடை போட்டால் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் செரிப்பது 7 முதல் 10 கிராம். ஆகவே ஒரு குவார்ட்டர் தீர ஆறு மணி நேரமாவது வேண்டும்; பலருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இரண்டு குவார்ட்டர் என்றால் மறுநாள் மதியத்தையும் தாண்டலாம். இந்த வேகத்தைக் கூட்டும் பழமும் இல்லை, கஷாயமும் இல்லை. காபி கொடுத்தால் கண் திறக்கும்; ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும். குளித்து, திருநீறு பூசி, தெளிந்துவிட்டது என்று நம்பி வண்டிச் சாவியை எடுக்கிறார்களே, அவர்களில் பலருடைய ரத்தத்தில் சட்டம் அனுமதிக்கும் அளவைவிட, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமைவிட, அதிகமாகவே இருக்கும். அந்தச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது எலுமிச்சைச் சாற்றைவிடப் பெரிய வைத்தியம்.

இதில் ஒரு விந்தை உண்டு. ரத்தத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய தீர்ந்துபோகும் நேரத்தில்தான் வேதனை உச்சத்துக்குப் போகிறது. போதை இறங்கவில்லை என்று வீட்டில் கவலைப்படுகிறோம். உண்மையில் அந்த நேரத்தில் அது பெரும்பாலும் இறங்கிவிட்டிருக்கும். அது உடம்பில் செய்துவிட்டுப் போன வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அது ஆல்கஹாலைவிடக் கடுமையான நஞ்சு. காய்ச்சல் வந்தால் உடம்பில் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் இப்போதும் சுரக்கின்றன. உடம்பு முறித்துப் போட்டதுபோல் இருப்பது அதனால்தான். இரைப்பையின் உட்சுவர் புண்ணாகியிருக்கும். இரவில் அடித்துப் போட்டதுபோல் தூங்கியிருந்தாலும், பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகக் கலைந்திருக்கும். சிறுநீரை அடக்கிவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் தடுப்பதால் உடம்பு வறண்டிருக்கும். சாப்பிடாமல் குடித்தவருக்கு ரத்தத்தில் சர்க்கரையும் விழுந்திருக்கும். எல்லாமே தண்ணீர்க் குறைவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தால் தாகமும் நாவறட்சியும் போகும், அது நல்லதுதான். மற்றவை தண்ணீருக்குக் கட்டுப்படுவதில்லை.

உலகம் முழுக்க இதற்கு மருந்து தேடியிருக்கிறார்கள். 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வும், 2022-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 21 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வும், நம்பத்தகுந்த சான்றுள்ள மருந்து எதுவும் இல்லை என்றே முடித்தன. கடையில் விற்கும் பொட்டலங்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

அப்படியென்றால் உங்கள் தூக்குச்சட்டி வீணா? இல்லை. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் இழந்த நீரையும் உப்பையும் கொடுக்கின்றன, புண்ணான வயிற்றை உறுத்துவதும் இல்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எரிச்சல்தான் கூடும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அரைமயக்கத்தில் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும். தட்டி எழுப்பியும் எழவில்லை என்றாலோ, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றாலோ, தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது; மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி மாத்திரை. ஒருமுறை ஒரு கொத்தனாரின் மனைவி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்தார். 650 மில்லிகிராம் பாரசிட்டமால், பத்து மாத்திரை அட்டை. ஏழு குழிகள் காலி. "தலைவலி நிற்கவில்லை என்று முந்தின ராத்திரியிலிருந்து கொடுத்தேன்" என்றார். அந்தக் கொத்தனார் தினமும் குடிப்பவர், சரியாகச் சாப்பிடாதவர். பாரசிட்டமால் செரிக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு நஞ்சாக மாறும். அந்த நஞ்சை முறிக்கும் குளுடாதயோன் என்ற பொருள் நம் கல்லீரலில் இருக்கிறது. தினமும் குடிப்பவருக்கு நஞ்சு அதிகமாக உண்டாகும், முறிக்கும் பொருளோ குறைவாக இருக்கும். கொடுமை என்னவென்றால், கல்லீரல் கெடத் தொடங்கும் முதல் நாளில் தெரிவது குமட்டலும் சோர்வும் மட்டும்தான். வீட்டில் இருப்பவருக்கு அது நேற்றைய போதையின் மிச்சமாகவே தெரியும், இன்னொரு மாத்திரை கொடுக்கத் தோன்றும். அந்த அம்மா அட்டையைக் கையோடு கொண்டுவந்ததால் முறிமருந்தை உடனே ஏற்ற முடிந்தது. எப்போதாவது குடிப்பவர், சாப்பிட்ட பின் ஒரு மாத்திரையோடு நிறுத்திக்கொண்டால் பொதுவாகத் தீங்கில்லை. தினமும் குடிப்பவருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் புண்ணான வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

காலையில் கொஞ்சம் குடித்தால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். சிலருக்குச் சரியாவதுபோல் இருப்பது உண்மைதான். அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது இது. இதுவரை ஆல்கஹால் என்று நான் சொன்னது எத்தனாலை. மதுவில் அதோடு மெத்தனால் என்ற இன்னொரு வகை ஆல்கஹாலும் மிகச் சிறிதளவு இருக்கும். கல்லீரல் எத்தனாலை முதலில் கவனிக்கும், மெத்தனாலைக் காக்கவைக்கும். எத்தனால் தீர்ந்ததும் மெத்தனாலைக் கையில் எடுத்து ஃபார்மிக் அமிலம் என்ற நஞ்சாக மாற்றும். மறுபடி குடித்தால் அந்த மாற்றம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வேதனை ரத்தாகவில்லை, வாய்தா வாங்கியிருக்கிறது. காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கிறது என்றால், அது மறுநாள் வேதனையே அல்ல. உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டதன் அறிகுறி அது. அவர் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மிகச் சிறிதளவு மெத்தனால் என்று சொன்னேன். கள்ளச்சாராயத்தில் அது சிறிதளவோடு நிற்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். அந்த நஞ்சு பெரும்பாலும் குடித்த உடனே தெரிவதில்லை. 12 மணி நேரம், 24 மணி நேரம், எத்தனாலும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிறகும்கூடத் தெரியலாம். தலைவலி, வாந்தி, வயிற்று வலி என்று, எல்லோரும் பார்த்துப் பழகிய மறுநாள் வேதனையின் முகத்தோடுதான் வரும். மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கண்ணின் நரம்பு கருகிக்கொண்டிருக்கும்.

அதனால், தூக்குச்சட்டியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். எதிர்ச் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் இருக்கும் அல்லவா? இன்றைக்கு என்ன தேதி, படித்துச் சொல் என்று கேளுங்கள். எழுத்து கலங்குகிறது, புகை மூட்டமாக இருக்கிறது, பனி விழுந்ததுபோல் வெள்ளையாகத் தெரிகிறது என்று சொன்னால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். தேதியைச் சரியாகப் படித்தாலும், வயிற்று வலி கடுமையாக இருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், அப்போதும் அதேதான். 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் அதற்கு முறிமருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. சீக்கிரம் வந்தால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. வண்டி வருவதற்குள் அவரிடம் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: நேற்று உன்னோடு உட்கார்ந்து குடித்தவர்கள் யார் யார்? அவர்களுடைய வீட்டுக்கும் ஆள் அனுப்புங்கள். ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

வணக்கம்.