ரிபேரா தெல் துவேரோ: துவர்ப்பு பிடிபட்டா ஒயின் பிடிபடும்

[திரையில்: வெள்ளைத் துணி மேல கண்ணாடிக் கோப்பை, கருஞ்சிவப்பு ஒயின்]

நாவற்பழம் நாலஞ்சு தின்னதும் நாக்கு வறண்டு, ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும் இல்லையா? அந்தத் துவர்ப்பை மனசுல வச்சுக்குங்க. ஸ்பெயினோட ரிபேரா தெல் துவேரோ ரெட் ஒயினை ருசிக்கிறதும், அதோட என்ன சாப்பிடலாம்னு முடிவு பண்றதும் இந்தத் துவர்ப்பை வச்சுத்தான்.

[வரைபடம்: துவேரோ ஆறு, அரந்தா நகரம்]

ரிபேரா தெல் துவேரோங்கிறது துவேரோ ஆத்தங்கரை மேட்டுநிலம். தோட்டங்கள் பெரும்பாலும் கடல்மட்டத்துலேருந்து 700 மீட்டருக்கு மேல. பகல் வெயில்ல திராட்சைத் தோல்ல நிறமும் துவர்ப்பும் ஏறும். ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாத்தும். திராட்சை டெம்ப்ரனியோ, ஊர்க்காரங்க வாயில டிண்டோ ஃபினோ. பாட்டில்ல கிரியான்சானு இருந்தா 24 மாசம் பதப்பட்டது, அதுல 12 மாசம் ஓக் மரப் பீப்பாயில. ரெசெர்வா 36 மாசம், கிரான் ரெசெர்வா 60 மாசம். முதல் தடவை வாங்குறவங்களுக்குக் கிரியான்சாதான் சரி. துவர்ப்பு அதுல பளிச்சுனு தெரியும்.

[பாட்டில், ஐஸ் தண்ணி வாளி]

ரெட் ஒயினை அறை வெப்பத்துல குடிக்கணும்னு சொல்றது ஐரோப்பாவோட குளிர்ந்த வீடுகளுக்கு. நம்ம ஊர் அறையில 30 டிகிரி. அந்தச் சூட்டுல ஆல்கஹால் நெடிதான் மூக்கைக் குத்தும். 16லேருந்து 18 டிகிரிக்குக் கொண்டு வாங்க: ஐஸ் தண்ணியில 10 நிமிஷம், ஃப்ரிட்ஜ்னா ஒன்றரை மணி நேரம். ரொம்பக் குளிர்ந்தாலும் துவர்ப்பு முரட்டுத்தனமா, கசப்பா மாறிடும்.

ஒயின் காத்தாடட்டும்னு கார்க்கைத் திறந்து சும்மா வச்சா பிரயோஜனம் இல்லை. பாட்டில் கழுத்துல காத்து படுற இடம் காசளவுதான். இளம் ஒயினை அகலமான ஜக்குல ஊத்தி முக்கால் மணி நேரம் விடுங்க.

[கோப்பை நெருக்கமா]

கோப்பையில மூணுல ஒரு பங்குதான் ஊத்தணும். சாய்ச்சு விளிம்பைப் பாருங்க: ஊதா தெரிஞ்சா இளசு, செங்கல் நிறம்னா வயசானது. சுழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை மோந்து பாருங்க. கருப்புப் பழ வாசனை திராட்சையோடது. வனிலா, கிராம்பு வாசனை பீப்பாயோடது. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிச்சா கார்க் கெட்டிருக்கு. எவ்வளவு நேரம் காத்தாட விட்டாலும் அது போகாது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

இப்ப ஒரு ஸ்பூன் அளவு வாயில எடுத்து, ஈறு முழுக்கப் படுற மாதிரி அஞ்சாறு விநாடி உருட்டுங்க. நாக்கோட ரெண்டு பக்கமும் எச்சில் ஊறினா அது புளிப்பு. ஈறு வறண்டு பிடிச்சா துவர்ப்பு. தொண்டையில சூடு இறங்கினா ஆல்கஹால். புளிப்பையும் துவர்ப்பையும் பிரிச்சுச் சொல்ல வந்துட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

[மண் பாத்திரத்துல ஆட்டுக்குட்டிக் கறி, மேல முறுகின தோல்]

துவர்ப்புப் பொருள் எச்சில்ல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிறதாலதான் வாய் வறளுது. வாயில கறியும் கொழுப்பும் இருந்தா அந்தப் பிடி தளர்ந்துடும். அரந்தா பக்கத்து லெச்சாசோ இதுக்குத்தான் அவ்வளவு பொருத்தம்: தாய்ப்பால் மட்டும் குடிச்ச, 35 நாளைக்குள்ள உள்ள செம்மறியாட்டுக்குட்டி. மண் தட்டுல உப்பு, தண்ணி, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு, அவ்வளவுதான் மசாலா. விறகு அடுப்புல சுட்டு எடுப்பாங்க. புர்கோஸ் ஊர் மொர்சீயாவும் இந்த ஒயினுக்கு அதே மாதிரி பொருந்தும். அரிசி சேர்த்த ரத்தத் தொத்திறைச்சி. வீட்டுல சோதிக்க முத்தின செம்மறியாட்டுச் சீஸ் போதும். ஒரு வாய் ஒயின், ஒரு துண்டு சீஸ், மறுபடி ஒயின். ரெண்டாவது வாய் அவ்வளவு மென்மையா இறங்கும்!

மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன் வேண்டாம். ஒயின்ல இருக்குற இரும்பு மீன் கொழுப்போட சேர்ந்தா தகரத்தை நக்கின மாதிரி ஆயிடும். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் எரிய விடும். அதனால நம்ம ஊர்க் காரக் குழம்புக்கு இது ஜோடி இல்லை. உப்பும் பூண்டும் மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டுத் தொடைக்கறி நல்லாச் சேரும். இனிப்போட குடிச்சா ஒயின் புளிச்சுக் கசந்து போகும்.

[மூடின பாட்டில், ஃப்ரிட்ஜ் கதவு]

மிச்சம் இருந்தா கார்க் அடைச்சு ஃப்ரிட்ஜ்ல நிக்க வைங்க, ரெண்டு மூணு நாள் தாங்கும். குடிக்கிறதுக்கு அரை மணி முன்னாடி வெளியே எடுத்துடுங்க.