டைம் ஆபீஸில் இருந்தபடியே மனிதவளப் படிப்பு

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் மனிதவள மேலாண்மை படிப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அவினாசிப் பக்கம் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வருகைக் கணக்கு எழுதும் டைம் கீப்பராகச் சேர்ந்தவன் நான். வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. முடித்து, இப்போது அதே நிறுவனத்தின் பணியாளர் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க என்னிடம் பலரும் வருகிறார்கள். நூற்பாலை, பனியன் கம்பெனி, பவுண்டரி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை என்று எங்காவது வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். எல்லாரும் அவர்களை எச்.ஆர். என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர் பதவி காலியானால் மட்டும் வெளியிலிருந்து எம்.பி.ஏ. படித்த ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் கோபத்தோடு வந்து, "ஒரு பட்டம் மட்டும் இருந்தால் போதும் அண்ணா" என்பார்கள். போதாது என்று சொல்லித்தான் நான் பேச்சையே தொடங்குவேன்.

கல்லூரிக்குப் போய் எம்.பி.ஏ. படிக்கும் மாணவர் இரண்டாம் ஆண்டில் ப்ராஜெக்ட் செய்ய ஒரு கம்பெனி தேடி அலைகிறார். தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்குகிறார். கம்பெனியும் வம்பில்லாத தலைப்பாகப் பார்த்து, "பணியாளர் மனநிறைவு பற்றி எழுதிக்கொள் தம்பி" என்கிறது. மதிய உணவு இடைவேளையில் வினாத்தாளை நீட்டினால் தொழிலாளி எல்லாக் கேள்விக்கும் "நன்று" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அந்த மாணவர் இப்படிக் கெஞ்சிப் பார்க்கும் இடத்தில்தான் நீங்கள் தினமும் நிற்கிறீர்கள். புத்தகத்தை அங்கே கொண்டுபோய் வைத்துப் படிப்பவருக்குத்தான் இந்தப் படிப்பால் லாபம்.

கேட் அருகே இருக்கும் விரல் ரேகை இயந்திரத்தையே பாருங்கள். காலை எட்டரை ஷிப்டுக்கு முன்னால் வரிசை நிற்கிறது. சாயப்பட்டறைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒடிசா இளைஞர் விரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். மறுபடியும் சிவப்பு. ரசாயனத்திலும் வெந்நீரிலும் ஊறி ஊறி விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது; ரேகை இருந்தால்தானே இயந்திரம் படிக்கும்? பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். டைம் கீப்பர் ஒரு நோட்டில் டோக்கன் நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே அனுப்புகிறார். இரவு எட்டு மணிக்கு வெளியே போகும்போது அதே கதை. ஆனால் அந்த நேரத்தில் நோட்டில் குறிப்பதற்கு ஆள் இல்லை. திருப்பூர் வட்டாரக் கணக்கில் அவர் பார்த்தது ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு ஷிப்டுக்குத்தான் பணம் வருகிறது.

அவருக்குத் தமிழ் வராது, சூப்பர்வைசருக்கு ஒடியா வராது. யாரிடம் போய்க் கேட்பார்? ஞாயிற்றுக்கிழமை தங்கும் அறையில் பேசிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை நான்கு பேர் சேர்ந்து பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். "இந்த வடக்கத்திப் பையன்கள் நிலையாக நிற்பதில்லை" என்று முதலாளி சலித்துக்கொள்கிறார்.

புத்தகத்தில் குறை தீர்ப்பு முறை ஓர் அத்தியாயம். பணியாளர் வெளியேற்றம் இன்னோர் அத்தியாயம். நடுவில் பல பக்கங்கள் இடைவெளி. கேட்டில் நின்று பார்த்தவருக்கு இரண்டும் ஒரே அத்தியாயம். அதைப் படித்த பிறகுதான் நாங்கள் வெள்ளிக்கிழமை மாலையே அந்த வாரத்து ஷிப்ட் கணக்கை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தொடங்கினோம். ஆட்சேபம் உள்ளவர் சம்பளக் கவர் தயாராவதற்கு முன்பே வந்து விரலால் வரியைத் தொட்டுக் காட்டலாம்; மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. புத்தகத்தில் நேராக இந்த யோசனை கிடையாது. குறை என்பது எங்கே பிறக்கிறது, யார் காதுக்கு எத்தனை நாள் கழித்து வருகிறது என்று யோசிக்கும் பழக்கத்தை அது தருகிறது. அவ்வளவுதான் அதனால் முடியும், அதுவே பெரிது.

புத்தகம் சொல்வதெல்லாம் வேதமும் கிடையாது. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் ஒரு கோட்பாடு சொன்னார். சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், ஆனால் சம்பளத்தை ஏற்றுவதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது என்பது அதன் சாரம். தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் திருப்பூரில் எந்தக் கம்பெனியின் கட்டிங் டேபிள் அருகிலும் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள். எஃப்.டபிள்யூ. டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலி பற்றி எழுதியிருப்பதையும் நம் ஊரில் பவர் டேபிள் என்னும் மின் தையல் இயந்திரத்தில் தைக்கும் டெய்லரிடம் வைத்து உரசிப் பார்க்க வேண்டும். புது ஸ்டைல் வந்ததும் ஒரு பீஸ் தைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரேட்டுக்குக் கட்டாது" என்று அவர் போடும் கணக்கில் அந்த நூலில் இல்லாத நுட்பம் இருக்கிறது.

தொழில் உறவுகள் பாடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அகமதாபாத் ஆலைப் போராட்டம் 1918, மதராஸ் தொழிலாளர் சங்கம் 1918 என்று படித்துக்கொண்டு போவோம். நம் பக்கத்துக் கதை ஒரு வரிகூட வராது. சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். 1984இல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இன்றைக்கும் பின்னலாடைத் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கே பொதுவான சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. உங்கள் கம்பெனியில் துணியை மடித்துக் கொடுக்கும் பழைய கைமடிக்காரரோ டெய்லரோ இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து 1984ஐப் பற்றிக் கேளுங்கள். கூட்டுப் பேரம் என்ற பாடம் பிறகு தானாகப் புரியும்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். இதற்குத்தான் யாரும் உண்மையான கணக்குச் சொல்வதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஒரு பருவத்தில் ஐந்து தாள் எடுத்தால் 600 மணி நேரம். 26 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 23 மணி நேரம் வருகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு இது எப்படி முடியும்? முழுதாக முடியாதுதான். ஏற்கெனவே வேலையில் தெரிந்த விஷயங்கள் பாதியைக் குறைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுவது லேசான காரியமா? கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல், கோயிலில் கிடா வெட்டு. போகாவிட்டால் "பெரிய படிப்புப் படிக்கிறாராம்" என்ற பேச்சு. மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு நிற்காமல் திரும்பும் கலையைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நான் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. பெண்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கல்யாண வீட்டுக்கு முந்தைய நாளே போய் நிற்க வேண்டும், திரும்பி வந்தால் ஒரு வாரத்துத் துணி காத்திருக்கும். நான் பார்த்தவரை, செக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு இந்தப் படிப்பை முடித்த பெண்களின் வீட்டில் மாமியாரோ அம்மாவோ யாராவது ஒருவர், "அம்மணி படிக்கட்டும், விடுங்கள்" என்று சொன்னவராக இருந்திருக்கிறார். புத்தகம் வாங்குவதற்கு முன்பு அந்த ஒருவரைப் பிடியுங்கள்.

பாட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஒரு பகுதியைப் படித்துவிட்டு உடன் வேலை பார்ப்பவரிடம் தமிழில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் ஆங்கிலம் காரணம் ஆகாது. விஷயம் இன்னும் பிடிபடவில்லை என்றுதான் பொருள்.

ஒப்படைப்புகள் என்று சொல்லும் அசைன்மென்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இக்னோவில் இதற்கு 30 சதவீதம், பருவத் தேர்வுக்கு 70 சதவீதம். எழுதிய அசைன்மென்டைக் காசுக்கு விற்கும் ஜெராக்ஸ் கடைகள் எல்லா ஊரிலும் முளைத்துவிட்டன. வாங்கி அப்படியே கையால் பெயர்த்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தேர்வு அறைக்குப் போவதற்கு முன்பு நாம் யோசித்து எழுதும் ஒரே இடம் அது. உங்கள் கம்பெனியின் பயிற்சி முறையைப் பற்றி எழுதச் சொன்னால், ஏதோ ஒரு தில்லி நிறுவனத்தின் கதையைக் காசு கொடுத்து வாங்கி எழுதுவானேன்?

சட்டப் பாடத்தில் மட்டும் அச்சடித்த புத்தகத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு சட்டத் தொகுப்புகளாக்கி, அவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழைய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 தொழிலாளர்கள் இருந்தால்தான் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம். புதிய தொகுப்பில் அது 250. கேன்டீனுக்கு 250 என்று இருந்தது 100 ஆகியிருக்கிறது. பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, ஐந்தாண்டு சேவை வேண்டும் என்பது பழைய விதி. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு போதும் என்பது புதியது. கோவை, பெருந்துறை, பல்லடம் பக்கமுள்ள நடுத்தர ஆலைகளில் 250 பேர் என்பது சாதாரணம். நல அலுவலர் வேலைகள் கூடுவதற்கு இதில் வழி இருக்கிறது. மாநில விதிகள் எப்படி வருகின்றன என்பதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பதவியைக் குறிவைத்துப் படிப்பவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். நல அலுவலருக்கு என்ன கல்வித் தகுதி என்பதை விதிகள் தனியாக வரையறுக்கின்றன. எந்த எம்.பி.ஏ.வும் செல்லும் என்று நினைத்துக் கட்டணம் கட்டிவிடாமல், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில், நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கல்வி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதிகக் குழப்பம் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் பட்டியல் போட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தளத்தில் மாணவர் தமக்கென்று ஓர் அடையாள எண் உருவாக்கிக்கொள்வது 2024 முதல் கட்டாயம். தனியாருக்கு உரிமம் கொடுத்துப் படிப்பு மையம் நடத்துவதற்குத் தடை இருக்கிறது. ஆகவே பஸ் ஸ்டாண்ட் எதிரே மாடியில் போர்டு மாட்டிக்கொண்டு, "ஒரே வருடத்தில் பட்டம், தேர்வை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறவரிடம் படி ஏறாமலே திரும்பி விடுங்கள்.

தபாலில் படித்த பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்ற பழைய சந்தேகத்துக்கு மானியக் குழு 2022இல் பதில் சொல்லிவிட்டது: அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம். காகிதத்தில் சமம் என்றாலும், நேர்காணலில் எதிரே இருப்பவருக்கு மனத்தில் கொஞ்சம் இளக்காரம் இருக்கத்தான் செய்யும். அதைக் கோபத்தால் மாற்ற முடியாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய் வாங்கியவர் பத்து ஆண்டு கழித்து விலகினால் பணிக்கொடை எவ்வளவு என்று அவர் கேட்பார். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளுக்கு 500, ஓர் ஆண்டு சேவைக்குப் பதினைந்து நாள் சம்பளம் 7,500, பத்து ஆண்டுக்கு 75,000 என்று காகிதம் கேட்காமல் சொல்லிவிட்டால், எங்கே படித்தீர்கள் என்ற அடுத்த கேள்வியின் தொனியே வேறாக இருக்கும்.

கடைசியாக, எப்போது சேர்வது? இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கைகள் உண்டு. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். நம் பக்கத்து ஆட்களுக்கு நான் ஜனவரியைத்தான் சொல்வேன். ஜூலையில் சேர்ந்தால் புத்தகத்தைத் திறந்து உட்கார்வதற்குள் போனஸ் பேச்சுவார்த்தையும் தீபாவளிக் கணக்கும் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஜனவரியில் சேர்பவருக்கும் இரண்டாம் பருவம் தீபாவளியில்தான் மாட்டும். ஆனால் அதற்குள் படிக்கும் பழக்கம் உடம்பில் ஒட்டியிருக்கும். தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்புக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் ஷிப்மென்ட் நெருக்கும்போது கேட்டால் எந்த மேனேஜரும் தரமாட்டார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன்.

வணக்கம்.