நகரத்து வாடகை வீடு யாருக்கு?

வணக்கம் நேயர்களே.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்த ஊரில் வாடகை வீடு தேடியவர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் சரிவில் ஒரு அறை. கழிப்பறை பக்கத்துக் குடும்பங்களோடு பொது. பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்துவிட்டால் பேச்சே வேறு. சுற்றிப் பார்க்க வருகிறவர் ஒரு வாரத்துக்குக் கொடுக்கும் காசை, கடையில் நிற்கும் பிள்ளை மாத வாடகையாகக் கொடுக்க முடியுமா?

நகர, மாநகர சபைகளும் அரசும் சேர்ந்து இந்த ஊர்களில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரி, கட்டினால் யாருக்குக் கொடுப்பது? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் நாட்டில் அரசாங்க வீடு என்றாலே சொந்த வீடு என்றுதான் பழகியிருக்கிறோம். 1977க்குப் பிறகு வந்த ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம், 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், அண்மைக் காலத்தில் மலையகத்துக்கு வந்த 7 பேர்ச் அளவுள்ள சிறு காணியும் இந்திய அரசின் உதவியில் கட்டிய வீடுகளும், எல்லாமே சொந்தமாக்கித் தரும் திட்டங்கள்தான். காலத்துக்கும் கைக்கு வரும் சொத்து என்பதால் அதற்குப் போட்டியும் சிபாரிசும் கட்சிக்காரர் கடிதமும் கூடவே வந்தன. வாடகை வீட்டை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கு இந்த ஊரில் உழைக்கிறாரா, இன்றைக்கு அவருக்குத் தாங்கக்கூடிய கூரை இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

இங்கேதான் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்த மலையகத்து ஆட்களுக்கு முதல் தடை வரும். விண்ணப்பத்தோடு போனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உங்களுக்குத் தோட்டத்தில் வீடு இருக்கிறதே" என்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா ஒன்றில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில், தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கலியாணம் கட்டிய அண்ணன், அவருடைய பிள்ளைகள் என்று இருக்கிற இடத்தைத்தான் வீடு என்கிறார்கள். அதுவும் அவர்களுடையது அல்ல. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினுடையது, லயம் நிர்வாகத்தின் பொறுப்பில். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பராவில் நிம்மதியாக இருக்கலாம் என்ற பயம் இன்னும் பல இடங்களில் உண்டு. உறுதியும் இல்லாத, விற்கவும் முடியாத, நிம்மதியாகத் தூங்கவும் முடியாத அந்த இடத்தைச் சொத்துக் கணக்கில் எழுதி, டவுனில் பேக்கரியில் வேலை செய்யும் மகனைத் தகுதியற்றவர் ஆக்குவது அநியாயம். லயத்தில் இடம் இருப்பது தகுதியைக் குறைக்கவே கூடாது என்று விதியிலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது தடை வாக்காளர் இடாப்பு, அதாவது வாக்காளர் பட்டியல். வாடகைக்கு இருப்பவர் தன் பெயரை அந்த முகவரியில் பதியக் கேட்டால் வீட்டுக்காரர்கள் பலர் சம்மதிப்பதில்லை. நாளைக்கு வீட்டை விட்டுப் போகமாட்டார் என்ற அச்சம் அவர்களுக்கு. அதனால் எத்தனை வருடம் ஹட்டனில் இருந்தாலும் பெயர் தோட்டத்திலேயே கிடக்கிறது. முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது இந்த வலி தெரியும். வதிவிடச் சான்றிதழுக்குப் போனால் கிராம அலுவலர் இடாப்பைத்தான் பார்ப்பார். ஊரிலேயே வாழ்கிறவர் காகிதத்தில் ஊருக்கு வெளியே நிற்கிறார். வாடகை வீட்டுத் தகுதிக்கும் இதே இடாப்பைக் கேட்டால், யாருக்காக வீடு கட்டுகிறோமோ அவர்களே வாசலில் நின்றுவிடுவார்கள். முதலாளியின் கடிதம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிளினிக் அட்டை, ஆட்டோ தரிப்பிடச் சங்கத்தின் உறுதி, இவற்றில் எது இருந்தாலும் ஏற்க வேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காகிதத்துக்காகக் காத்திருந்த சமூகம் இது. இன்னொரு காகிதத்தைக் காட்டி இவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

வருமான எல்லைக்கு வருவோம். அரசின் நிவாரணத் திட்டமான அஸ்வெசும பட்டியலில் இருப்பவருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். 2023இல் வந்த அந்தத் திட்டம் வறுமையை 22 அளவுகோல்களால் பார்க்கிறது. நிவாரணப் பணம் கொடுக்க அது உதவலாம். வாடகை வீட்டுக்கு அதையே வாசற்படியாக வைத்தால், கையில் கொஞ்சம் சம்பளம் இருந்தும் வாடகைக்கே பாதியைக் கொடுக்கிறவர் வெளியே போய்விடுவார். மாதம் 60,000 ரூபாய் வருகிற இரண்டு குடும்பங்களை எடுங்கள். ஒன்றில் புருஷன் பெண்சாதி இரண்டு பேர். மற்றதில் ஐந்து பேர், அதில் ஒருவர் மாதாமாதம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். ஒரே எல்லைக்கோடு இரண்டுக்கும் நியாயமாகுமா? வாடகையும் மருந்தும் பஸ் காசும் போன பிறகு தலைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அப்புறம், படிவத்தில் "வாகனம் உண்டா?" என்ற கேள்வி. லீசிங்கில் ஓடுகிற ஆட்டோவை வசதியின் அடையாளமாக எழுதாதீர்கள். அது கடன்.

தனியாக இருக்கும் பெண்களை மறந்துவிடக் கூடாது. துணிக்கடையிலும் பாமசியிலும் நிற்கிற பிள்ளைகள் போர்டிங்கில் ஒரே அறையில் பல பேராக இருக்கிறார்கள். குடும்பம் என்றால்தான் வீடு என்று விதி போட்டால் இவர்களுக்கு இடமே இல்லை.

வேலையைப் பார்த்து வீடு கொடுக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கண்டி மகியாவையில் நகரசுத்தித் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வேலையோடு சேர்ந்து வந்த வீடு, வேலை போகும்போது என்னவாகும் என்ற கவலை லயத்துக்காரருக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். ஆகவே ஊரில் உழைப்பது உள்ளே வருவதற்கான தகுதியாக இருக்கட்டும். வேலை போனாலோ வயதானாலோ வெளியே தள்ளும் காரணமாக அது ஆகக் கூடாது. வருமானம் கூடினாலும் உடனே காலி செய்யச் சொல்ல வேண்டாம். வாடகையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நகரத்திலோ பக்கத்திலோ சொந்த வீடு வைத்திருப்பவருக்கும், எடுத்த வீட்டை மேல்வாடகைக்கு விடுபவருக்கும் மட்டும் கதவு மூடியிருக்கட்டும்.

மண்சரிவில் வீடு இழந்தவர்களின் நிலை வேறு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் திட்வா புயலின்போது மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்தது. அவர்களுக்குப் பாதுகாப்பான காணியும் சொந்த வீடும் கிடைக்க வேண்டும், அது அவர்களின் உரிமை. அதுவரை தங்க வாடகை வீடு உதவும். அதற்கென்று தனியாகச் சில வீடுகள் ஒதுக்குங்கள். ஒரே வரிசையில் எல்லோரையும் நிறுத்தி, முகாமில் இருப்பவரையும் கடைத் தொழிலாளியையும் மோதவிட வேண்டாம். வாடகை வீடு கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக் காணியை மறந்துவிடவும் வேண்டாம்.

விண்ணப்பித்தவர் பட்டியலும் தகுதியைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் கொடுத்த புள்ளிகளும் சபையின் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். புள்ளி சமமானால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டு எடுக்கலாம். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் கிடைக்க வேண்டும், மேன்முறையீட்டுக்கு நாளும் குறிக்க வேண்டும். உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் இந்த நான்கையும் இப்போதே கேளுங்கள். வீடு கட்டி முடித்து, சாவி யாருக்கு என்று முடிவான பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

நன்றி. வணக்கம்.