குடும்பத்தோட நகரத்துக்குக் குடிபோறோம், ஏரியா பாதுகாப்பானதான்னு எப்படிப் பாக்கறது?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த வாரம் எல்லாத்துக்கும் பதில் உண்டு. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு நகரத்துல வேலை கிடைச்சிருக்கு. பையனுக்கு 15 வயசு, பொண்ணுக்கு 8. மாமியாரும் கூட வர்றாங்க. ரெண்டு வீடு பாத்து வெச்சிருக்காங்க. ஒண்ணு ஊர் நடுவுல பழைய தெரு. "அந்த ஏரியா சரியில்ல"ன்னு சொந்தக்காரங்க தடுக்கறாங்களாம். இன்னொண்ணு புது அடுக்குமாடி, சுத்தி மதில், கேமரா, வாட்ச்மேன். "எது பாதுகாப்புன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்"னு கேட்டிருக்காங்க.

ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தக் கேள்வியைப் படிச்சதுல இருந்து அது என்னை விடவே இல்ல. அந்தச் சொந்தக்காரங்களை யாராவது திருப்பி ஒரு கேள்வி கேட்டாங்களா? அங்க என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, எந்த இடத்துல நடந்துச்சு? கேட்டுப் பாருங்க. "போன மாசம் அந்த முனையில ஒருத்தர் சங்கிலியை அறுத்துட்டுப் போயிட்டாங்க"ன்னு பதில் வந்தா அது தகவல், குறிச்சு வெச்சுக்கோங்க. "எல்லாரும் சொல்றாங்க"ன்னு வந்தா இன்னும் கொஞ்சம் தோண்டுங்க. பல நேரம் அடியில இருக்கறது ஒண்ணுதான்: அங்க ஏழைங்க குடியிருக்காங்க. ஏழைங்க இருக்கற இடம்னாலே ஆபத்துன்னு நம்ம மனசுல ஊறிப் போச்சு. அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். அதை வெச்சு வீட்டைத் தள்ளிடாதீங்க.

ஏன் 'எந்த இடம்'னு இவ்வளவு அழுத்திக் கேக்கறேன்னா, குற்றம் ஒரு ஏரியா பூரா சமமாப் பரவி இருக்காது. அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல லாரன்ஸ் ஷெர்மன்ங்கற குற்றவியல் ஆய்வாளரும் அவரோட சேர்ந்தவங்களும் போலீசுக்கு வந்த அழைப்பு எல்லாத்தையும் முகவரி வாரியாப் பிரிச்சுப் பாத்தாங்க. 1989-ல வெளியிட்டாங்க. ஊர்ல இருக்கற முகவரிகள்ல சுமார் 3 சதவீதத்துல இருந்துதான் பாதி அழைப்பு வந்திருக்கு. அதுக்கப்புறம் வேற வேற நகரங்கள்ல பாத்தப்பவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். கெட்ட பேரு வாங்கின ஏரியாவுலயும் பெரும்பாலான தெரு அமைதியா இருக்கும். நல்ல பேரு வாங்கின ஏரியாவுல ஒரு முனை மோசமா இருக்கும். நீங்க குடியிருக்கப் போறது ஏரியாவுல இல்லம்மா, ஒரு தெருவுல.

புள்ளிவிவரம் பாக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. லட்சம் பேருக்கு இத்தனை குற்றம்னு போடுவாங்க. ரயில் நிலையம், பெரிய சந்தை இருக்கற இடத்துல குடியிருக்கறவங்க கொஞ்சம் பேரு, வந்து போறவங்க ஏராளம். பிக்பாக்கெட் வந்து போறவங்ககிட்ட நடக்கும், ஆனா கணக்கு குடியிருக்கறவங்க தலையில விழும். அதனால அந்த விகிதம் பயங்கரமாத் தெரியும். அதே மாதிரி, புகாரே பதிவாகலன்னா குற்றமே இல்லன்னு அர்த்தம் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போயி பிரயோஜனம் இல்லன்னு ஜனங்க விட்டிருக்கலாம்.

சரி, தெருவை எப்படிப் பாக்கறது? இதைத்தான் வாடகை வீடு பத்திப் பேசினப்பவும் சொன்னேன், பழைய நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். திரும்பவும் சொல்றேன், ஏன்னா இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். என் உறவுக்காரப் பையன் ஒருத்தனுக்கு வீடு பாக்கக் கூடப் போயிருந்தேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், வேணும்னுதான் அந்த நேரத்துக்குப் போனோம். குறுகலான தெரு. நாங்க நம்பர் தேடிட்டு நிக்கறோம். முதல் மாடியில துணி எடுத்துட்டிருந்த ஒரு அம்மா, கையில கிளிப்போட அப்படியே எட்டிப் பாத்து, "யாரைப் பாக்கணும்?"னாங்க. சொன்னோம். நாலு வீடு தள்ளிப் போனா வாசப்படியில உக்காந்திருந்த பெரியவர், "யாரைப் பாக்கணும்?" திரும்பி வரும்போது வண்டி துடைச்சிட்டிருந்த ஒரு பையனும் அதையே கேக்கறான். என் உறவுக்காரனுக்கு எரிச்சல். "என்ன மாமா, திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க"ன்னான். நான் சொன்னேன், "டேய், கண்ணை மூடிட்டு இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடு."

ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அம்மா, நியூயார்க்ல இருந்தவங்க, 1961-லயே இதை எழுதிட்டாங்க. தெருவைக் காப்பாத்தறது போலீஸ் மட்டும் இல்ல, தெருவைப் பாத்துட்டிருக்கற கண்கள்னு. வீட்டு ஜன்னல் தெருவைப் பாத்து இருக்கணும், நடமாட்டம் இருந்துட்டே இருக்கணும். பின்னாடி 1990-கள்ல ராபர்ட் சாம்ப்சன்ங்கற சமூகவியல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் சிகாகோவுல 343 குடியிருப்புப் பகுதிகள்ல 8,782 பேரைப் போய்ப் பாத்தாங்க. அவங்க கேட்ட கேள்வியைப் பாருங்க: பள்ளிக்கூடத்துக்குப் போகாம பசங்க தெருமுனையில சுத்தினா உங்க அக்கம்பக்கத்துக்காரங்க தலையிடுவாங்களா? வீட்டு முன்னாடி சண்டை வந்தா விலக்கி விடுவாங்களா? "ஆமா, கேப்பாங்க"ன்னு பதில் வந்த பகுதிகள்ல, வறுமையைக் கணக்குல எடுத்தப்புறமும், வன்முறை குறைவா இருந்துச்சு. ஏழைங்க இருக்காங்களாங்கறதோட கேள்வி நிக்கலை, கேக்க ஆள் இருக்காங்கறதுதான் முக்கியம். யாரைப் பாக்கணும்னு கேக்கற தெரு. அவ்வளவுதான் என் அளவுகோல்.

ஆனா அந்தக் கேள்வி கேக்கற தொனியையும் கவனிங்க. கேட்டுட்டு வழி காட்டறாங்களா, இல்ல சட்டையைப் பாத்து விரட்டறாங்களா? விரட்டற தெருவுல உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க, பார்சல் கொண்டு வர்ற பையன், நாளைக்கு உங்க பொண்ணோட தோழி, எல்லாரும் அவமானப்படணும். அது பாதுகாப்பு இல்ல.

இப்ப அந்த அடுக்குமாடிக்கு வருவோம். மதில் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா மதிலுக்கு வெளியில என்ன இருக்குன்னு பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் நீளமா மதில் மட்டுமே இருந்தா அந்த ரோட்டைப் பாக்கற ஜன்னல் ஒண்ணு கூட இருக்காது. உங்க பையன் டியூஷன் முடிஞ்சு இறங்கி நடந்து வர வேண்டியது அந்த ரோட்டுலதான். கேமரா பதிவு பண்ணும், ஓடி வந்து தூக்கி விடாது. தெருவிளக்கு எரியுதான்னு பாருங்க. நியூயார்க்ல 2016-ல அரசுக் குடியிருப்புகள்ல விளக்குக் கோபுரம் வெச்சுச் சோதிச்சப்ப, ராத்திரி வெளியில நடக்கற பெரிய குற்றங்கள் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது. படிக்கட்டு விளக்கையும் விட்டுடாதீங்க. மாமியார் ஏறி இறங்கணும்ல.

இன்னொண்ணு, திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கம்பி வெல்டிங் அடிச்சு, மொட்டைமாடிக் கதவையும் பூட்டி, சாவியை யாரோ ஒருத்தர்கிட்ட குடுத்திருப்பாங்க. தீப்பிடிச்சா எப்படி வெளியில வர்றது? ஒரு ஜன்னல் கம்பியாவது உள்பக்கத்துல இருந்து திறக்கற மாதிரி இருக்கணும். வண்டி உள்ள வருமான்னும் பாருங்க, ஆம்புலன்ஸ், தீயணைப்பு ரெண்டும்.

இவ்வளவு நேரம் திருடன், திருடன்னு பேசிட்டோம். சகோதரி, நீங்க என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. "என் எட்டு வயசுப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக முடியுமா?" இதைத்தான் கேட்டிருக்கணும். உலகம் பூரா வருஷத்துக்குச் சுமார் 12 லட்சம் பேர் ரோட்டுல சாகறாங்க. 5 வயசுல இருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க சாகறதுக்கு முதல் காரணம் சாலை விபத்துன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வேற எந்தப் பயத்தையும் விட இந்தப் பயம் நியாயமானது. ஆனா ஏரியா சரியில்லன்னு சொல்றவங்க யாரும், "அங்க லாரி வேகமாப் போகுதுப்பா"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. வண்டிகளோட சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா உயிர்போற விபத்து 4 சதவீதம் கூடுதுன்னு அதே நிறுவனம் கணக்குச் சொல்லுது. 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டிக்கும் 30-ல வர்ற வண்டிக்கும் நடுவுல ஒரு குழந்தையோட உயிர் இருக்கு.

அதனால, ரெண்டு வீட்டுல இருந்தும் பள்ளிக்கூடத்துக்குப் பொண்ணையே கூட்டிட்டு நடந்து பாருங்க. பள்ளிக்கூடம் விடற நேரத்துல. நடைபாதை இருக்கா, அதுல வண்டி நிக்குதா, எந்த இடத்துல ரோட்டைக் கடக்கணும்? வழியில எத்தனை தடவை அவ கையை இறுக்கிப் பிடிச்சீங்கன்னு எண்ணிக்கோங்க. அந்த எண்ணிக்கை குறைவா இருக்கற வீடு நல்ல வீடு. ஆறு வழிச்சாலையைத் தாண்டினாத்தான் பள்ளிக்கூடம்னா, மதிலுக்குள்ள எத்தனை கேமரா இருந்தும் எனக்கு மனசு ஒப்பாது.

பையன் விஷயம் தனி. அமெரிக்காவுல 1994-ல இருந்து அஞ்சு நகரங்கள்ல சுமார் 4,600 குடும்பங்களை வெச்சு ஒரு பெரிய சோதனை நடந்துச்சு. வறுமை அதிகமான குடியிருப்புல இருந்தவங்கள்ல குலுக்கல்ல தேர்வானவங்களுக்கு, வறுமை குறைஞ்ச பகுதிக்குப் போக வாடகை உதவி குடுத்தாங்க. அந்த அம்மாக்கள்ல பெரும்பாலானவங்க சொன்ன காரணம் ரௌடிக் கும்பல், போதைப்பொருள். போனவங்களுக்கு வருமானம் கூடலை, ஆனா மனச்சோர்வு குறைஞ்சுது. 13 வயசுக்குள்ள போன பிள்ளைங்க பெரியவங்களானப்ப கூடுதலாச் சம்பாதிச்சாங்க. 13-க்கு மேல போன பிள்ளைங்களுக்கு அந்தப் பலன் இல்ல, கொஞ்சம் பின்னடைவு கூடத் தெரிஞ்சுது. இடம் பேர்ந்ததோட அலைச்சலா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் நினைக்கறாங்க. உங்க நிலைமை வேறதான். ஆனாலும் 15 வயசுப் பையனை அவன் சேக்காளிங்ககிட்ட இருந்து பிரிச்சுக் கூட்டிட்டு வர்றீங்க. வீடு பாக்கறப்ப அவனையும் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் அவன் எங்க விளையாடுவான், யார்கூடப் பேசுவான்னு அவனே பாக்கட்டும். பெரியவங்க கண்ணுல படாதது அவன் கண்ணுல படும்.

எனக்கு மனசு பழைய தெருப் பக்கம்தான் சாயுது, மறைக்கல. ஆனா நான் பாக்கலையே. வேலை நாள்ல ஒரு ராத்திரி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு தடவை, ரெண்டு தெருவுலயும் போயி நில்லுங்க. கீழ் வீட்டு அம்மாகிட்ட, "ராத்திரி பத்து மணிக்கு நீங்க தனியா மருந்து வாங்கப் போவீங்களா?"ன்னு கேளுங்க. ஆம்பிளைங்ககிட்ட கேக்காதீங்க, அங்க இருக்கற பொம்பளைங்ககிட்ட கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க சகோதரி. மீதிக் கேள்விங்களை அடுத்த வாரம் எடுத்துக்கறேன். வணக்கம்.