நைஸாக அரைத்த மாவு

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேச வந்தது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி. நைஸ். காபி நைஸ், சேலை நைஸ், மாப்பிள்ளை ரொம்ப நைஸ். எதற்குப் போட்டாலும் ஒட்டிக்கொள்கிற சொல், அதனாலேயே ஒன்றையும் உருப்படியாகச் சொல்லாத சொல் என்று எனக்கு அதன் மேல் ஒரு கடுப்பு. அகராதியில் அதன் பூர்வீகத்தைப் பார்த்த பிறகு கடுப்பு போய்விட்டது.

லத்தீனில் நெஸ்கியுஸ் என்றால் அறியாதவன். 'நெ' என்பது இல்லை, 'ஸ்கிரே' என்பது அறிதல். சயின்ஸ் பிறந்ததும் இதே ஸ்கிரேயிலிருந்துதான், ஆக சயின்ஸும் நைஸும் பங்காளிகள். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் முட்டாள். அந்தக் காலத்து லண்டனில் யாரையாவது நைஸான ஆள் என்று சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்!

சரி, முட்டாள் எப்படி நல்லவன் ஆனான்? ஒரே தாவலில் இல்லை. அறியாதவன், அப்புறம் கூச்சப்படுகிறவன், அப்புறம் எதிலும் நொட்டை சொல்கிற ஆள், அங்கிருந்து நுணுக்கம் பார்க்கிறவன், நுணுக்கமான பொருள், கடைசியாக 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையானது, நல்லது. அறியாமையிலிருந்து கூச்சத்துக்குப் போனது நமக்குப் புரியாத வழி இல்லை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நாலு குணம் சொல்லி வைத்தார்களே, அதில் மடம் என்றால் அறியாமை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது என்றும் விளக்குவார்கள். நாணத்துக்குப் பக்கத்திலேயே அதை உட்கார வைத்திருக்கிறார்கள், பாருங்கள் (பட்டியல் போட்டது பெண்களாக இருக்காது என்பது என் சந்தேகம்). வெகுளியும் அப்படித்தான் இடம் மாறியது. குறளில் வெகுளி என்றால் கோபம், அது கூடாது என்று வெகுளாமை என ஒரு அதிகாரமே இருக்கிறது. இன்றைக்கு வெகுளி என்றால் சூதுவாது தெரியாத பிள்ளை. ஆங்கிலத்தில் சில்லி என்ற சொல் இதற்கு நேர் எதிராக நடந்திருக்கிறது, பாக்கியசாலி என்று தொடங்கி அசடாகி விட்டது.

நைஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாகிப் போனதைக் கிண்டல் செய்தவர் ஜேன் ஆஸ்டின். 1817 கடைசியில், அவர் இறந்த பிறகு வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' நாவலில் கதாநாயகி கேத்தரின் ஒரு புத்தகத்தை ஆகச்சிறந்த நைஸ் புத்தகம் என்கிறாள். கூட இருக்கிற ஹென்றி டில்னி விடுவதாக இல்லை. நைஸ் என்றால் நேர்த்தி என்றுதானே சொல்கிறாய், அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். அவன் காலத்திலேயே பழைய பொருள் ஓரம்கட்டப்பட்டு விட்டது. ஆங்கிலச் சட்டக்காரர்கள் மட்டும் நுணுக்கமான சட்டக் கேள்வியை இன்னும் நைஸ் பாயிண்ட் என்கிறார்கள்.

அவர்கள் மட்டுமா? எங்கள் தெரு மாவு மில்லுக்குப் போனால் முதல் கேள்வியே, ரவை மாதிரி வேணுமா, நைஸா வேணுமா? அரைபடும்போதே மில்காரர் ஒரு சிட்டிகை எடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார், நெருடினால் திரும்பக் கொட்டுவார். அங்கே நைஸ் என்பது பாராட்டு இல்லை, பதம். டில்னி நின்றிருந்தால் அவருக்குக் கை கொடுத்திருப்பான்.

ஒன்று மட்டும் முழுக்க நம் கைச்சரக்கு. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்துக்குப் போகும் முன்னாலேயே ஒருவர் செருப்பைத் தேடுகிறார் என்றால் 'நைஸா நழுவுறான்' என்போம். இதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் வெள்ளைக்காரர் விழிப்பார். அமைப்பாளர் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்க்கிறார். நானும் நைஸாக இறங்கிக்கொள்கிறேன்.