அட்டெனுவேட்டரில் (சிக்னல் குறைப்பானில்) 32 டெசிபலை இரண்டாகப் பிரிப்பது ஏன்?

[காட்சி: தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம். நெருங்கி நிற்கும் விசைப்படகுகள், மேலே ஏரியல்கள்.]

குரல்: நம் ரிசீவர் இருக்கும் படகிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொரு படகில், 25 வாட் வயர்லெஸ் செட் ஒன்று 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது கடல்சார் சேனல் 16-இல் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வாட் என்பது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபல் அளவு). வெட்டவெளியில் 20 மீட்டரைக் கடப்பதற்குள் 42 டெசிபல் போய்விடும் என்பதால், நம் ஏரியலுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 2 டிபிஎம். அதே ரிசீவர், தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலிலிருந்து அனுப்பும் மைனஸ் 110 டிபிஎம் சிக்னலையும் கேட்டாக வேண்டும். இரண்டுக்கும் இடையிலான 112 டெசிபல், திறனில் சுமார் 15,800 கோடி மடங்கு.

எஃப்எம் ரிசீவரில், சிக்னல் ஓர் அளவுக்கு மேல் உயராமல் வெட்டும் லிமிட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். லிமிட்டர் இருப்பது கடைசிக் கட்டத்தில். முன்வரிசைப் பெருக்கி அதற்கு வெகு முன்பே திணறிவிடும். ஆகவே அந்தப் பெருக்கிக்கும் முன்னால், மைக்ரோகன்ட்ரோலர் சொன்ன அளவுக்குச் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை வைக்கிறோம். அங்கே வைப்பதற்கு விலை உண்டு: 10 டெசிபல் குறைத்தால் ரிசீவரின் இரைச்சல் எண், அதாவது ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு, 10 டெசிபல் கூடும். பலன் அதைவிடப் பெரியது. சிக்னல் 10 டெசிபல் இறங்கும்போது, மூன்றாம் வரிசைக் கலப்பு, அதாவது வலுவான சிக்னல்கள் பெருக்கிக்குள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் போலி சிக்னல், 30 டெசிபல் இறங்குகிறது.

[காட்சி: மேசை மீது பை (π) எழுத்து வடிவ மின்தடை வலை.]

குரல்: 50 ஓம் பாதையில் 10 டெசிபல் வேண்டுமானால், இரு பக்கமும் தரைக்கு 96.2 ஓம், நடுவில் 71.2 ஓம் என்று கணக்கு வரும். கடையில் கிடைக்கும் 100, 68 ஓம் மின்தடைகளைப் போட்டாலும் 9.7 டெசிபல் கிடைக்கிறது, உள்ளீட்டு மின்தடை 50.3 ஓமில் நிற்கிறது. பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும். 1, 2, 4, 8 டெசிபல் வலைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ளே எடுக்கவும் வெளியே விடவும் செய்தால், நான்கு பிட்களில் 0 முதல் 15 வரை எல்லாப் படிகளும் வந்துவிடும்.

அடுத்து 16, அதற்கடுத்து 32 என்று போகத் தோன்றும். அந்த 32-இல்தான் சிக்கல் இருக்கிறது. 32 டெசிபல் வலையின் நடு மின்தடை 995 ஓம். ரிலேயின் கால்களுக்கும் தடங்களுக்கும் இடையே 1 பிக்கோஃபாரட் மின்தேக்கம் ஒளிந்திருந்தால், 156.8 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்வினைத் தடை, அதாவது அந்த அலைவரிசையில் அது காட்டும் தடை, சுமார் 1,015 ஓம். அதாவது நாம் பார்த்துப் பார்த்துப் போட்ட மின்தடைக்குச் சமமான ஒரு கள்ளவழி அதன் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. 32 டெசிபல் 29 ஆகிவிடும். அதையே இரண்டு 16 டெசிபல் வலைகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றின் நடு மின்தடையும் 154 ஓம்தான் என்பதால், அதே 1 பிக்கோஃபாரட் ஒரு வலையில் கெடுப்பது சுமார் 0.1 டெசிபல் மட்டுமே. 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் செய்பவருக்கு அந்தத் தடை 22 கிலோ ஓமுக்கு மேல் இருக்கும். அவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

[காட்சி: ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு கூர்முனை.]

குரல்: 15-இலிருந்து 16-க்குப் போகும்போது நான்கு ரிலேக்கள் விலக, ஐந்தாவது ஒன்று சேர வேண்டும். விலகுவது முந்திக்கொண்டால், சில மில்லி விநாடிகள் தணிப்பே (சிக்னல் குறைப்பே) இல்லாமல் முழு சிக்னலும் பெருக்கியில் மோதும். எனவே முதலில் 16-ஐச் சேர்த்து, சற்றுப் பொறுத்து மற்ற நான்கையும் விலக்குமாறு நிரலை எழுத வேண்டும். இடையில் 31 டெசிபல் வந்து போவதால் கேட்பது ஒரு நொடித்துளி மௌனம்தான்.

தானியங்கிக் கட்டுப்பாட்டில் இன்னொரு விதி உண்டு. ஒரு படி 8 டெசிபல் என்றால், தணிப்பைக் கூட்டும் எல்லைக்கும் குறைக்கும் எல்லைக்கும் இடையே 8-ஐவிட அதிக இடைவெளி, 12 டெசிபலாவது, விட வேண்டும். இல்லையென்றால் ரிலே ஓயாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். கூட்டுவது உடனடியாகவும், குறைப்பது நிதானமாகவும் நடக்கட்டும்.

போட்ட தணிப்பை, சிக்னல் வலுவைக் காட்டும் மீட்டரின் கணக்கில் திரும்பச் சேர்க்கவும் மறக்கக் கூடாது. 16 டெசிபல் உள்ளே இருக்கையில் அளவு மைனஸ் 40 என்று வந்தால், திரையில் மைனஸ் 24 என்று காட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், ரிலே சேரும் ஒவ்வொரு முறையும் பக்கத்துப் படகு திடீரென்று கடலுக்குள் போய்விட்டதைப் போல முள் சரிந்து விழும்.