மாத்திரையும் கண் சிமிட்டலும்

நேயர்களுக்கு வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் 11 வயது மகனுடன் வந்த தாய் ஒருவர், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி என் மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் “கண் அதிகம்”, “செருமல் இல்லை” என்று பென்சிலால் குறித்திருந்தார். மகன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுவான், தொண்டையைச் செருமுவான். கண் மருத்துவரிடம் காட்டிக் கண்ணாடியும் போட்டாயிற்று. வேண்டாத எண்ணங்களால் திரும்பத் திரும்பக் கைகழுவும் ஓ.சி.டி. என்ற மனநலக் கோளாறும் சேர்ந்துகொண்டதால், மூன்று வாரங்களுக்கு முன் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரையைத் தொடங்கியிருந்தேன். “அந்த மாத்திரையால்தான் சிமிட்டல் கூடிவிட்டது டாக்டர், நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்டார்.

இத்தகைய அசைவுகளையும் ஒலிகளையும் டிக் என்கிறோம். அசைவுகள் பலவும் ஒலி ஒன்றாவதும் சிறுவயதில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட் நோய்; 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கில் டி லா டூரெட்டின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. டிக்கை அடக்கும் பழைய மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் குறைப்பவை. ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளோ செரட்டோனின் என்ற வேறொரு மூளை வேதிப்பொருளைச் சார்ந்தவை. ஆகவே இவற்றை நாங்கள் எழுதுவது டிக்குக்காக அன்று. டிக்கோடு கூடவே வரும் ஓ.சி.டி., பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்காக.

அப்படியானால் இவை டிக்கைக் கூட்டுமா? சிலரிடம் கூட்டியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வேறு வகை மனச்சோர்வு மருந்தான பியூப்ரோபியானைப் பற்றியும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் டிக் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. பெரும்பாலும் 10 முதல் 12 வயதில் உச்சத்தைத் தொடும். தேர்வும் தூக்கக் குறைவும் அதைத் தூண்டும். ஏறியிருக்கும் வேளையில்தான் பெற்றோர் மருத்துவரைத் தேடுகிறார்கள் என்பதால், மாத்திரையும் பல நேரம் அந்த ஏற்றத்தின் நடுவிலேயே தொடங்கி, பழியைச் சுமக்கிறது. தொடக்க வாரங்களில் இம்மருந்துகள் சிலருக்குத் தரும் இருப்புக்கொள்ளாத தவிப்பையும் டிக் என்று தவறாக எண்ணிவிட இடமுண்டு.

நான் இதைவிட அஞ்சுவது மருந்துக்கு மருந்து ஏற்படும் மோதலை. டிக்குக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் ஆகியவற்றைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தை ஃபுளுவாக்ஸெட்டின் குறைத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை உயர்த்திவிடும். டிக்குக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான பிமோசைடுடன் செர்ட்ராலினைச் சேர்க்கவே கூடாது. இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடக்கூடும். இரண்டு மருத்துவர்களைப் பார்ப்பவர்கள் இரு சீட்டுகளையும் இருவரிடமும் காட்டிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

அன்று தாள்களைத் தேதிவாரியாக மேசையில் பரப்பிப் பார்த்தோம். சிமிட்டல் ஏறத் தொடங்கியது மாத்திரைக்கு ஆறு நாள் முன்னதாக, காலாண்டுத் தேர்வு வாரத்தில். மருந்தைத் தொடர்ந்தோம். பொங்கல் கழிந்து அவர்கள் வந்தபோது கைகழுவுவது வெகுவாகக் குறைந்திருந்தது. சிமிட்டலும் போய், அந்த இடத்தில் தோள் குலுக்கல் வந்திருந்தது. அதையும் தாய் தாளில் குறித்து வைத்திருந்தார்.